சீட்டுப் போட்ட கை

தொழிற்புரட்சி தொடங்கிய நாள்முதல் இயந்திரம் மனிதக் கையின் இடத்தைப் பிடித்து வந்த கதையை நாம் பலவாறு கேட்டிருக்கிறோம். தறியின் முன் அமர்ந்திருந்த நெசவாளர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர் எனப் பலரும் அவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். அவர்களுக்காக இரங்கி எழுதியோரும் உண்டு. ஆனால், யாருமே இரங்கி எழுதாத ஒரு கையும் உண்டு. அதுவே சூதாட்டக் கூடத்தில் சீட்டைக் கலைத்துப் போடும் கை.

சூதுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்து எச்சரித்திருக்க, சூதாட்டக் கூடத்தின் பணியாளரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் வினவலாம். சூதுக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும், மானுட வரலாற்றின் பெரிய கேள்விகள் சில வேளைகளில் சிறிய இடங்களில்தாம் தெளிவாகத் தென்படுகின்றன. பணமும் பேராசையும் ஐயமும் ஒரே மேசையைச் சுற்றி அமரும்போது, நடுநிலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கூர்மையாக எழுகிறது. பாரதக் கதையில் தருமன் தோற்றது காய்களினால் மட்டுமன்று. துரியோதனனுக்காகக் காயை உருட்டிய கை சகுனியுடையதாக இருந்ததனால். உருட்டும் கை யாருடையது என்பதே சூதின் முதற்கேள்வி.

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், எக்ஸ்காலிபர் என்னும் விடுதியின் சூதாட்டக் கூடம் அக்கேள்விக்கு ஒரு புதிய விடையைத் தந்தது. போக்கர் என்னும் சீட்டாட்டம் நடைபெறும் தன் அறையிலிருந்து சீட்டுகளையும், பந்தய வில்லைகளையும், சீட்டுப் போடும் பணியாளர்களையும் ஒருசேர அகற்றிவிட்டு, 12 மின்னணு மேசைகளை அங்கே இட்டது. அடுத்த ஆண்டிலேயே அம்மேசைகள் வெளியேறின. மனிதர்கள் திரும்பி வந்தனர். இச்சிறு நிகழ்ச்சிக்குப் பின்னே ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனை நாம் சற்றே விரிவாக நோக்குவோம்.

முறை வைத்துப் போட்ட காலம்

போக்கர் ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சுப் பண்பாடு வேரூன்றியிருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரை ஒட்டி உருப்பெற்று, மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகள் வழியே மேலேறிப் பரவியது. பிரெஞ்சுக்காரரின் 'போக்', ஜெர்மானியரின் 'போஹ்' ஆகிய பழைய ஆட்டங்களோடு அதன் பெயரையும் முறையையும் அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். ஆங்கிலேய நடிகரான ஜோசப் கவல் 1829-ஆம் ஆண்டின் தம் பயணத்தின்போது இவ்வாட்டத்தைக் கண்டதாகப் பின்னர் எழுதி வைத்தார். முதலில் 20 சீட்டுகளைக் கொண்டு ஆடப்பட்ட ஆட்டம், சில ஆண்டுகளுக்குள் 52 சீட்டுகள் கொண்ட முழுக்கட்டுக்கு மாறியது.

அக்காலத்தில் சீட்டுப் போடுவதற்கெனத் தனி ஆள் கிடையாது. ஆடுவோரே முறை வைத்துப் போட்டனர். இம்முறையில் போடுபவர், அடுத்த முறை வேறொருவர். ஒருவர் கலைத்தால் மற்றவர் வெட்டித் தருவார். எனவே நம்பிக்கை என்பது ஆடுவோருக்குள்ளேயே சுழன்று வந்தது. நம்மூர்த் திண்ணைகளில் ரம்மி ஆடுவோர் இன்றும் கைக்கொள்ளும் முறையும் இதுவே.

ஆனால், அந்த ஆற்றுப் படகுகளில் ஏறியவர்கள் ஒருவரையொருவர் அறியாத பயணிகள். பருத்தி விற்ற பணத்தோடு வருபவரும், அப்பணத்தைக் குறிவைத்து வருபவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அடிச்சீட்டை மேற்சீட்டுப் போல் உருவுவோரும், சீட்டின் முதுகில் அடையாளமிடுவோரும் படகுதோறும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் டெவால், தம் நாற்பதாண்டு ஏமாற்று வாழ்வைக் கூச்சமின்றி 1887-இல் நூலாகவே வெளியிட்டார். மக்களின் சினம் எல்லை மீறிய இடங்களும் உண்டு. 1835 ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரில், சூதாட்டக்காரர் ஐவரை விசாரணை ஏதுமின்றி ஒரு கும்பல் தூக்கிலிட்டது. நடுநிலைக் கை ஒன்று இல்லாத இடத்தில், வன்முறையே நடுவராக வந்து நிற்கும் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு கசப்பான சான்று.

இம்முறைக்கால வழக்கத்திலிருந்து ஆங்கில மொழிக்கு ஒரு தொடரும் கிடைத்தது. சீட்டுப் போடும் முறை யாருடையது என்பதைக் காட்ட, மான்கொம்புப் பிடி கொண்ட கத்தி போன்ற பொருளொன்றை அவர்முன் வைப்பது வழக்கமாயிருந்ததாம். முறை முடிந்ததும் அப்பொருள் அடுத்தவரிடம் நகரும். பொறுப்பைத் தட்டிக் கழித்து அடுத்தவர் தலையில் கட்டுவதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் இதிலிருந்தே பிறந்தது என்பர். போக்கரில் ஈடுபாடு கொண்டிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன், அத்தொடரைத் திருப்பி, பொறுப்பு இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது என்னும் பொருள்பட ஒரு பலகையைத் தம் மேசைமேல் வைத்திருந்தார். சீட்டுப் போடுதல் என்பது பொறுப்பேற்றல் என்னும் கருத்து, இவ்வாறு மொழியிலேயே பதிந்துவிட்டது.

மூன்றாமவர் வருகை

1931 மார்ச்சில் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, வருவாய் தேடிய ஒரு பாலைநில மாநிலம் எடுத்த முடிவு அது. பிற்பாடு எழுந்த பெரிய சூதாட்டக் கூடங்களில் மூன்றாமவர் ஒருவர் மேசையின் நடுவே வந்து அமர்ந்தார். ஆங்கிலத்தில் அவரை டீலர் என்பர். அவர் ஆடுவதில்லை, வெல்வதுமில்லை, தோற்பதுமில்லை. கலைப்பார், போடுவார், பந்தயத்தைக் கணக்கிடுவார், வென்றவர் பக்கம் வில்லைகளைத் தள்ளுவார். முறையைக் காட்டும் வட்டமான சிறு வில்லை இன்றும் மேசையைச் சுற்றி வருகிறது. ஆயினும் அது அடையாளம் மட்டுமே; போடும் கை மூன்றாமவருடையது.

அந்தக் கையைச் சுற்றிச் சூதாட்டக் கூடங்கள் கட்டியெழுப்பிய ஒழுங்குமுறை வியப்பிற்குரியது. பொதுச் சீட்டுகளை மேசைமேல் விரிப்பதற்கு முன் மேலுள்ள ஒரு சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கிவிட வேண்டும். அடையாளமிட்ட சீட்டை முன்கூட்டியே ஒருவர் கண்டுகொண்டாலும் அது அவருக்குப் பயன்படாமற்போவதற்கு இந்த ஏற்பாடு. சட்டைப்பைக்குள் வில்லை ஒளியாதிருக்க இடுப்பில் ஏப்ரன் கட்ட வேண்டும். மேசையை விட்டு எழும்போது இரு கைகளையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் மேலே உள்ள கேமராவுக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை மேசை மாற வேண்டும். அந்தக் கையை நம்பினார்கள். நம்பியபடியே ஐயமும் கொண்டார்கள். மனித நம்பிக்கையின் இயல்பே அதுதானே!

அந்தக் கையின் உழைப்புக்குக் கிடைத்த ஊதியமோ சிறிது. நெவாடாவில் டீலர்களின் அடிப்படைக் கூலி குறைவு; வென்றவர் மகிழ்ந்து தள்ளும் இனாம் வில்லைகளே அவர்களது வருவாயின் பெரும்பகுதி. 2006-ஆம் ஆண்டு லாஸ் வேகஸின் வின் விடுதி, மேசை ஆட்ட டீலர்களின் இனாம் தொகையில் மேற்பார்வை நிலையில் இருந்தோருக்கும் பங்கு தர வேண்டும் என்று விதித்தது. அடுத்த ஆண்டு அவ்விடுதியின் டீலர்கள் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் சேர்வதென்று வாக்களித்தனர். இது குறித்த வழக்குகள் பல்லாண்டு நீடித்தன. பளபளக்கும் கூடத்தின் நடுவே நின்ற அந்தக் கைகள், வாடகையும் மருத்துவச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் சுமந்த உழைப்பாளர் கைகளே என்பதை அப்போராட்டம் உலகுக்கு உணர்த்தியது.

தனிமையின் இயந்திரம்

சீட்டைத் தானே போடும் இயந்திரம் புதியதன்று. 1891-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சிட்மன், பிட் என்னும் இருவர் நிறுவிய தொழிலகம் ஒரு போக்கர் பெட்டியைச் செய்தது. ஐந்து உருளைகளில் 50 சீட்டுகளின் முகங்கள் பதிக்கப்பட்டிருந்தன. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நின்று ஐந்து சீட்டுகளைக் காட்டும். அப்பெட்டி பணம் தராது. மதுக்கடைக்காரர்தாம் வென்றவருக்கு மதுவோ சுருட்டோ தருவார். முழுக்கட்டின் 52 சீட்டுகளில் இரண்டு ஏன் குறைந்தன? பெரும்பாலும் ஸ்பேடு பத்தையும் ஹார்ட்டின் ஜாக்கியையும் எடுத்துவிடுவது வழக்கம். மிக உயர்ந்த சேர்க்கை விழும் வாய்ப்பு அதனாலேயே பாதியாகிவிடும். சீட்டுப் போடும் முதல் இயந்திரமே கடைக்காரர் பக்கம் சாய்ந்துதான் பிறந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் சான் பிரான்சிஸ்கோவில் பவேரியாவிலிருந்து குடியேறிய சார்ல்ஸ் ஃபே, காசைத் தானே கொட்டும் மூன்று உருளை இயந்திரத்தை உருவாக்கினார். அது உலகெங்கும் பரவியது. போக்கரோ 1979-இல் தொலைக்காட்சித் திரை வழியே மீண்டும் இயந்திரமேறியது. மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்த சை ரெட் என்பவரின் நிறுவனம் வெளியிட்ட அத்திரைப் போக்கர், பின்னாளில் 'இன்டர்நேஷனல் கேம் டெக்னாலஜி' எனப் பெயர் பெற்ற பெருநிறுவனத்திற்கு அடித்தளமாயிற்று. மேசையைச் சுற்றியிருக்கும் முகங்களுக்கு அஞ்சியவர்கள் அத்திரையின் முன் தயக்கமின்றி அமர்ந்தனர். அங்கே பார்ப்பாரில்லை, நகைப்பாரில்லை, காத்திருப்பாருமில்லை.

அதுவே அதன் ஆபத்தாகவும் ஆயிற்று. நடாஷா டவ் ஷூல் என்னும் மானிடவியலறிஞர், லாஸ் வேகஸின் இயந்திர ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2012-இல் நூலொன்றை வெளியிட்டார். அவர் சந்தித்தவர்களுள் பலர் வெல்வதற்காக ஆடவில்லை. நேரமும் உடலும் கடனும் கவலையும் மறைந்துபோகும் ஒரு மயக்க நிலையில் தொடர்ந்து இருப்பதற்காகவே ஆடினர். அந்நிலை தடையற்ற வேகத்தை வேண்டுவது. மனிதர் ஒருவர் சீட்டைக் கலைக்க எடுத்துக்கொள்ளும் அரை நிமிடம், வணிகர் கண்ணில் வீணான நேரம். ஆடுபவருக்கோ அதுவே மூச்சு விடும் நேரம். கடிகாரத்தைப் பார்க்கவும், வீட்டை நினைக்கவும், எழுந்து போகவும் வாய்ப்புத் தரும் நேரம்.

மேசையே இயந்திரமானபோது

திரைப் போக்கர் தனியொருவர் ஆட்டம். பலர் கூடி ஒருவரோடொருவர் ஆடும் உண்மையான போக்கர் மேசை, இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை மனிதக் கையிலேயே இருந்தது. 1998-இல் 'பிளானட் போக்கர்' என்னும் இணைய ஆட்டக்கூடம் பணம் வைத்து ஆடும் வசதியைத் தொடங்கியது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் டென்னசி மாநிலக் கணக்கர், இணையம் வழியாகத் தகுதி பெற்று வந்து, லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு 839 பேர் பங்கேற்ற அப்போட்டியில் 2006-ஆம் ஆண்டு 8,773 பேர் கலந்துகொண்டனர். மூன்றே ஆண்டுகளில் பத்து மடங்குப் பெருக்கம்!

திரையில் போக்கர் கற்ற ஒரு தலைமுறை உருவாகிவிட்டதைக் கண்ட தொழில்முனைவோர், அத்திரையையே சூதாட்டக் கூடத்திற்குள் கொண்டுவர முனைந்தனர். வட கரோலினா மாநிலத்தில் 2003-இல் தொடங்கிய போக்கர்டெக் நிறுவனம், 'போக்கர்புரோ' என்னும் பத்துப் பேர் அமரும் மேசையை வடிவமைத்தது. 2005-இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. பென்சில்வேனியாவில் 'லைட்னிங் போக்கர்' என்னும் மற்றொரு நிறுவனமும் போட்டியில் இறங்கியது.

அம்மேசையின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒவ்வோர் இருக்கைக்கு முன்னும் ஒரு தொடுதிரை; நடுவே அனைவரும் காணும் பெருந்திரை. பணம் கணக்கில் வரவு வைக்கப்படும். தமக்கு வந்த சீட்டைக் காண விரும்புவோர் ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு தொட்டால், சீட்டின் முனை மட்டும் உயர்வதுபோல் தோன்றும். பழைய உடலசைவை இயந்திரம் அப்படியே நடித்துக் காட்டியது. கலைத்தல் நொடியில் முடியும். பந்தயத் தொகையில் பிழை நேராது. முறை தவறி ஆட இயலாது.

வணிகர் இதனை விரும்பியதற்குத் தெளிவான காரணம் உண்டு. மற்ற சூதாட்டங்களில் கூடமே எதிராளி, போக்கரில் அவ்வாறன்று. ஆடுவோர் தமக்குள் ஆடிக்கொள்வர். கூடமோ ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறு கழிவு மட்டும் எடுத்துக்கொள்ளும். எனவே வருவாய் குறைவு, ஆள் செலவு மிகுதி. மனிதர் போடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்களே நடைபெறும். இயந்திர மேசையில் அதற்கு மேலும் பாதியளவு கூடும். கழிவு எடுக்கும் தடவையும் அவ்வாறே பெருகும். கூலி இல்லை, விடுப்பு இல்லை, பயிற்சிச் செலவு இல்லை. இனாம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆடுவோருக்கும் ஆசை காட்டப்பட்டது. மற்றொருவரது பிழைப்பை நமக்குரிய சேமிப்பாகக் காட்டுவது இக்கால வணிகத்தின் பழகிய உத்தி!

சட்டமும் சில இடங்களில் இயந்திரத்தின் பக்கம் நின்றது. பென்சில்வேனியா மாநிலம் 2004-இல் இயற்றிய சட்டம், காசு போட்டு ஆடும் இயந்திரங்களை மட்டுமே அனுமதித்தது. மனிதர் சீட்டுப் போடும் மேசைகளுக்கு இடமில்லை. எனவே அங்குள்ள கூடங்கள் பிளாக்ஜாக் போன்ற ஆட்டங்களுக்கு மின்னணு மேசைகளை நிறுவின. திரையில் புன்னகைக்கும் பெண்ணுருவம் ஒன்று, இல்லாத சீட்டை இல்லாத கையால் போட்டது. சட்டத்தின் பார்வையில் அது மேசையன்று, இயந்திரம். மனிதர் போட்டால் குற்றம், மனிதரின் நிழல் போட்டால் குற்றமில்லை என்ற விந்தையான நிலை சில ஆண்டுகள் நீடித்தது.

திரும்பி வந்த மனிதர்

இத்தகைய சூழலில்தான் 2008-இல் எக்ஸ்காலிபர் தன் போக்கர் அறையை முழுதும் இயந்திரமயமாக்கியது. லாஸ் வேகஸின் புகழ்பெற்ற அப்பெருஞ்சாலையில் அவ்வாறு முழுமையாக மாறிய முதல் அறை அதுவே. பொருளாதார வீழ்ச்சி தொடங்கிய ஆண்டு அது. செலவைக் குறைக்கும் எதுவும் அறிவுடைமையாகத் தோன்றிய காலம்.

ஆயினும் 2009-இல் அவ்வறைக்கு டீலர்கள் திரும்பினர். லாஸ் வேகஸுக்கு வரும் பயணி, தம் வீட்டுக் கணினியில் கிடைப்பதையே அங்கும் தேடி வருவதில்லை. வில்லைகளை விரலிடுக்கில் உருட்டவும், சீட்டின் முனையைத் தூக்கிப் பார்க்கவும், எதிரே இருப்பவரின் கண்ணசைவைப் படிக்கவும், புதியவராயின் டீலரிடம் ஐயம் கேட்டுத் தெளியவும் அவர் வருகிறார். டீலர் வெறுமனே சீட்டைப் போடுபவர் அல்லர். வெறிகொண்டு பேசுபவரைத் தணிப்பவர், தடுமாறுபவருக்கு முறையை நினைவூட்டுபவர், தோற்றவரின் கசப்பை முகம் கோணாது ஏற்பவர். இப்பணிகளுள் எதுவும் இயந்திரத்தின் விலைப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஒருவரை வேலையை விட்டு அனுப்பிய பின்னர்தான், அவர் உண்மையில் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியவருகிறது.

பென்சில்வேனியாவிலும் காற்று திசை மாறியது. 2010 ஜனவரியில் அம்மாநிலம் மேசை ஆட்டங்களை அனுமதித்தது. அவ்வாண்டு ஜூலை முதல் மனித டீலர்கள் பணியில் அமர்ந்தனர். வேலையற்றோர் பெருகியிருந்த அந்நாளில், டீலர் பயிற்சி பெற மக்கள் திரண்டனர். போக்கர்டெக் நிறுவனம் 2014-இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் மேசைத் தொழில் அடுத்த ஆண்டு கனடாவின் வான்கூவர் நகர நிறுவனம் ஒன்றிடம் சென்றது. இயந்திர மேசைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தனியொரு போக்கர் அறையைப் பராமரிக்க இயலாத சிறு கூடங்களிலும், இடம் குறுகிய உல்லாசக் கப்பல்களிலும் அவற்றுக்கு இடம் கிடைத்தது. மிசிசிப்பிப் படகில் வளர்ந்த ஆட்டம், டீலர் இல்லாமல் மீண்டும் கப்பலேறியது வரலாற்றின் ஒரு வியப்பு.

யாரை நம்புவது?

இங்கே நேர்மையாக ஒரு கேள்வியை எதிர்கொள்வோம். மனிதக் கை ஏமாற்றும் என்பதற்கு மிசிசிப்பியே சாட்சி. அப்படியானால் ஆசையற்ற இயந்திரத்திடம் பொறுப்பை விடுவது அறமல்லவா?

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய முறைகளின் எண்ணிக்கையை எழுதினால், 8-ஐத் தொடர்ந்து 67 இலக்கங்கள் வரும். அத்தனை அடுக்குகளுள் ஒன்றைத் தற்செயலாகத் தேர்வதே கலைத்தல். 1999-இல் பிளானட் போக்கர் பயன்படுத்திய மென்பொருளின் உருவாக்குநர், தம் நேர்மையை மெய்ப்பிக்கக் கலைக்கும் முறையை வெளிப்படையாகவே அச்சிட்டனர். அதனைப் படித்த மென்பொருள் வல்லுநர் சிலர் திடுக்கிட்டனர். அக்கணினி நள்ளிரவிலிருந்து கடந்த நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே கலைத்தது. ஒரு நாளில் அத்தகைய துளிகள் 8 கோடியே 64 லட்சம் மட்டுமே. நேரத்தைப் பொருத்திக் கணித்தால், ஆராய வேண்டிய அடுக்குகள் ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கின. சில சீட்டுகளைக் கண்டவுடன், எஞ்சிய அனைத்தையும் அவர்களது நிரல் சொல்லிவிட்டது! அங்கே தீய எண்ணம் ஏதுமில்லை. அறியாமை மட்டுமே இருந்தது. ஆயினும் அவ்வறியாமை எந்தக் கேமராவுக்கும் தெரிந்திருக்காது.

தீய எண்ணமும் பின்தங்கிவிடவில்லை. 1989-இல் லாஸ் வேகஸில், அமெரிக்கன் காயின் என்னும் நிறுவனத்தின் திரைப் போக்கர் இயந்திரங்கள், மிகப் பெரிய பரிசுக்குரிய சீட்டுச் சேர்க்கை விழாதபடி நிரலாக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இயந்திரங்களைச் சோதிக்கும் பணியிலிருந்த ரொனால்டு ஹாரிஸ் என்பவர், அச்சோதனைக் கருவியின் வழியாகவே இயந்திரங்களுக்குள் கள்ள நிரலைச் செலுத்தினார். 1995-இல் அட்லாண்டிக் சிட்டியில் 1,00,000 டாலர் பரிசு ஒன்றினால் அவரது சூழ்ச்சி அம்பலமாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை! 2007, 2008-ஆம் ஆண்டுகளில் 'அப்சல்யூட் போக்கர்', 'அல்டிமேட்பெட்' ஆகிய இணையக் கூடங்களில், உள்ளிருந்தோர் சிலர் எல்லோருடைய மறைசீட்டுகளையும் பார்த்துக்கொண்டே ஆடியது தெரியவந்தது. அதனைக் கண்டுபிடித்தவை காவல் அமைப்புகள் அல்ல. தோற்ற ஆட்டங்களின் பதிவுகளைப் பொறுமையாகக் கணக்கிட்ட ஆட்டக்காரர்களே.

ஆகவே, இயந்திரம் மனிதக் கையை அகற்றிவிடவில்லை. அதனை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டது. மேசையில் அமர்ந்த டீலரின் கை தவறினால் பத்துப் பேர் பார்ப்பர். நிரல் எழுதியவரின் கை தவறினால் யாரும் பாரார். கைகளைத் தட்டி உள்ளங்கையைக் காட்டும் சடங்கு, நிரல் எழுதுவோருக்கு இதுவரை ஏற்படவில்லை. இயந்திரத்தைச் சோதிக்கும் ஆய்வகங்களும் சட்டங்களும் இன்று பெருகியுள்ளன, அவை தேவையும்கூட. ஆனால் அவற்றையும் இயக்குவோர் மனிதரே. நம்பிக்கையின் சுமை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறுகிறதேயன்றி, இறங்குவதில்லை.

திரைக்குள் சென்ற கை

ஆட்டக்காரரின் இடத்தையும் இயந்திரம் விட்டுவைக்கவில்லை. 2017 ஜனவரியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்டக் கூடம் ஒன்றில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்னும் நிரல், 20 நாள்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, தேர்ந்த வல்லுநர் நால்வரை வென்றது. சீட்டுப் போடுவதும் இயந்திரம், ஆடுவதும் இயந்திரம் என்றால், மனிதருக்கு எஞ்சுவது இழப்பது ஒன்றுதானோ?

இக்கதையின் அண்மைய திருப்பம் மேலும் சிந்திக்க வைக்கிறது. இணையத்தில் ஆடுவோர் நிரலை நம்பத் தயங்கியதால், நிறுவனங்கள் மனித டீலர்களைத் திரைக்குள் கொண்டுவந்தன. 2006-இல் தொடங்கிய 'எவல்யூஷன்' என்னும் நிறுவனம் லாட்வியாவின் ரீகா நகரில் படப்பிடிப்புக் கூடம் அமைத்து, உண்மையான மனிதர் உண்மையான சீட்டைப் போடுவதை உலகெங்கும் ஒளிபரப்பியது. மேசையிலிருந்து மனிதரை அகற்றியதும் இயந்திரம். மனித முகத்தைத் தேடி மீண்டும் அழைத்ததும் இயந்திரமே. ஆனால் இம்முறை அந்த டீலரின் முன்னே மனிதர் எவரும் இல்லை. கேமரா மட்டுமே உள்ளது. அவரைப் பல நாட்டினர் பார்ப்பர்; அவர் ஒருவரையும் பாரார். 2024 ஜூலையில், ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியில் அந்நிறுவனத்தின் பணியாளர்கள் ஊதிய உயர்வும் மதிப்பான பணிச்சூழலும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். லாஸ் வேகஸில் எழுந்த குரல், கருங்கடலோர நாட்டில் எதிரொலித்தது.

டீலரற்ற மேசை நம் வாசலுக்கும் வந்துவிட்டது. கைப்பேசிக்குள் வந்த ரம்மியும் போக்கரும் தமிழகக் குடும்பங்களில் விளைத்த துயரை நாம் அறிவோம். தமிழக அரசு 2022-இல் இயற்றிய தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆராய்ந்து, சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்கள் எனக் கருதி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமையா, தற்செயலா என்ற வழக்குரை ஒருபுறமிருக்க, நாம் கேட்க விழைவது வேறு. திண்ணைச் சீட்டாட்டத்தில் தோற்பவரை, 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல ஒருவராவது இருந்தார். நள்ளிரவில் தனியறையில் ஒளிரும் திரை அப்படிச் சொல்லுமா?

வாசக அன்பர்களே, சீட்டுப் போட்ட கையின் வரலாறு மூன்று நம்பிக்கைகளின் வரலாறு. முதலில் ஆடுவோர் ஒருவரையொருவர் நம்பினர்; அடுத்து, நடுவே அமர்ந்த மூன்றாமவரை நம்பினர்; இன்று, கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை நம்பச் சொல்கின்றனர். இது சூதாட்டக் கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. கடன் தரத் தகுதியுடையவர் யார், வேலைக்கு அழைக்கத் தக்கவர் யார் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்யும் சீட்டுகளும் இன்று மனிதர் காணாத மேசைகளில் கலைக்கப்படுகின்றன. அங்கும் வேகம் உண்டு, சிக்கனம் உண்டு, பிழையின்மை என்ற வாக்குறுதியும் உண்டு. ஆனால் தவறு நேர்ந்தால் எந்தக் கையைப் பிடித்துக் கேட்பது?

எக்ஸ்காலிபரின் போக்கர் அறை ஓராண்டுக்குள் ஒரு விடையைக் கற்றுக்கொண்டது. அது அறத்தால் கற்ற விடையன்று. வாடிக்கையாளர் வராததால் கற்ற விடை. சூதாட்டக் கூடம் இழப்பினால் கற்றதைச் சமுதாயம் மனச்சான்றினால் கற்றுக்கொள்ள வேண்டும். பொறுப்பு என்பது ஒரு முகத்தோடும் பெயரோடும் நம்முன் அமர்ந்திருக்க வேண்டிய ஒன்று. ட்ரூமனின் மேசைமேல் இருந்த அந்தப் பலகையை எந்த இயந்திரத்தின் மீதும் நாம் வைத்துவிடலாம். ஆனால் அதனைப் படித்துப் பொருள் உணர்ந்து நாணவும் திருந்தவும் அங்கே ஒரு மனிதர் இருக்க வேண்டும்.